மூக்கில்லாத வண்டி: 101 வாங்குவதா, பின்ஸ்காவரா, வால்வோவா?

ஊரில் எஃப்.சி. என்றால் வண்டியைக் கழுவி, பெயின்ட் தொட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி வாங்கும் தகுதிச் சான்று. எனக்கு அந்த இரண்டெழுத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பொள்ளாச்சியில் சித்தப்பா ஒரு தேங்காய் மண்டிக்கு மகிந்திரா எஃப்.சி. ஓட்டினார். அதில் எஃப்.சி. என்பது ஃபார்வர்டு கன்ட்ரோல். முன்னால் மூக்கே இருக்காது. கண்ணாடி, அதற்குக் கீழே இரண்டு விளக்கு, ஒரு கிரில், அவ்வளவுதான் முகம். டிரைவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்தான் எஞ்சின். கோடை விடுமுறையில் அந்தப் பெட்டியின் சூடு வலது தொடையில் ஏறி, வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகும் அரை மணி நேரம் ஆறாது.

இப்போது நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே. குளிரும் மழையும் உள்ள ஊர். இங்கே அந்தச் சூடு வரம் என்று தோன்றியதோ என்னவோ, இரண்டு வருடமாக ஒரு பழைய மூக்கில்லாத ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடிக்கொண்டிருந்தேன். என்னைப் போல இன்னும் சிலருக்கு இந்தக் கிறுக்கு இருக்கலாம். அவர்களுக்காக, நான் போட்ட கணக்கை எழுதி வைக்கிறேன்.

சித்தப்பாவின் வண்டிக்கு மூலமான ஜீப் எஃப்.சி.யை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது என் பட்டியலில் இல்லை. வில்லிஸ் கம்பெனி அமெரிக்காவின் டொலிடோ நகரில் 1956-இன் கடைசியில் அதை அறிமுகம் செய்தது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சிறியது எஃப்.சி.-150, நாலு சிலிண்டர், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 81 அங்குலம். பெரியது எஃப்.சி.-170, ஆறு சிலிண்டர், 103.5 அங்குலம். 1965 வரை மொத்தம் முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டித்தான் கட்டினார்கள். மகிந்திரா அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து, பிறகு டீசலில் எஃப்.சி.-260 வரை நீட்டியது. பார்க்க அழகு என்றால் இவை எல்லாவற்றிலும் ஜீப்தான் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் சின்னது நெட்டுக்குத்தாக நிற்கும், மூக்குப் பக்கம் பாரம் அதிகம், பின்னால் சரக்கு இல்லாமல் ஓங்கி பிரேக் அடித்தால் வால் தூக்கப் பார்க்கும். முதலில் வந்த வண்டிகளில் முன்சக்கரங்களின் இடைவெளியும் குறுகல். அதை அகலப்படுத்திய பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. அமெரிக்காவில் இருப்பவர் தாராளமாக அதைத் தேடலாம். இங்கே பிரிட்டனில் ஒரு கதவுக் கைப்பிடிக்குக் கூடக் கடல் தாண்டி ஆர்டர் போட வேண்டும். மனசை அடக்கிக்கொண்டேன்.

மிச்சம் மூன்று: லேண்ட் ரோவர் 101, ஆஸ்திரியாவின் பின்ஸ்காவர் 710, ஸ்வீடனின் வால்வோ சி303. மூன்றுமே ராணுவத்துக்காகப் பிறந்து, ஓய்வு பெற்று, ஏலத்தில் வெளியே வந்தவை.

இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எது எவ்வளவு மேடு ஏறும், எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கும் என்றே எழுதுகிறார்கள். நானும் ஆறு மாதம் அந்தக் கணக்கில்தான் கிடந்தேன். வீண். இங்கிலாந்தில் வண்டி ஓட்ட அனுமதி உள்ள மண் பாதைகள் எல்லாம் இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே சேறும் சகதியுமாகப் போகிற பழைய வண்டித்தடங்கள். மூன்றில் எது போனாலும் போகும். உங்கள் தைரியம் தீர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த வண்டிகளுக்குத் தீரும். பார்க்க வேண்டியது வேறு. எஞ்சினோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள். அதன் சத்தம், சூடு, வாசனை எல்லாம் வீட்டுக்குள். அது படுத்துக்கொண்டால் சாலையோரத்தில் பேனட்டைத் திறந்து எட்டிப் பார்க்க முடியாது. சீட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி, முழங்காலிட்டு மழையில் வேலை செய்ய வேண்டும். எந்த எஞ்சினோடு வாழ முடியும் என்பதுதான் கேள்வி.

முதலில் 101. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 101 அங்குலம், அதுவே பெயர். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 105 மில்லிமீட்டர் இலகு பீரங்கியை இழுக்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகவும் வேண்டும். 1972 முதல் 1978 வரை சுமார் 2,670 வண்டிகள் கட்டினார்கள், அவ்வளவே. பின்னால் இழுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரெய்லர் வண்டியைத் தள்ளிக் கவிழ்க்கத் தொடங்கியதும் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

உள்ளே இருப்பது ரோவரின் மூன்றரை லிட்டர் வி8. இதன் கதையே தனி. அமெரிக்காவில் பியூக் கம்பெனி செய்த அலுமினிய எஞ்சின் அது. அவர்கள் வேண்டாம் என்று விட்டதை 1960-களின் நடுவில் ரோவர் உரிமை வாங்கி, பிறகு ரேஞ்ச் ரோவர், எம்.ஜி., மார்கன் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் பொருத்தியது. அதனால் பிரிட்டனில் இந்த எஞ்சினைத் தெரியாத பழைய மெக்கானிக் இல்லை. வாட்டர் பம்ப், கேஸ்கெட், கேம்ஷாஃப்ட் என்று எது கேட்டாலும் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வரும். கியர் பாக்ஸும் அந்தக் கால ரேஞ்ச் ரோவரில் இருந்த அதே நாலு கியர் வகை. நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும், சகதியில், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம்.

குறை? குடி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருந்தால் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, இழுவை மட்டும் மந்தமாக இருக்கும். இன்னொன்று, எஞ்சின் சாமான் மலிவாகக் கிடைப்பதை வைத்து மொத்த வண்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முன் கண்ணாடிச் சட்டம், ஸ்டியரிங் இணைப்புகள், உடம்புத் தகடுகள் எல்லாம் 101-க்கு மட்டுமே செய்தவை. 2,670 வண்டிக்காக யாரும் புதிதாக அச்சு போடுவதில்லை. வாங்கும்போது எஞ்சின் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, உடம்பு முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்தி. சாதாரண வண்டி வாங்கும் பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

101-இலேயே இரண்டு சாதி உண்டு. 12 வோல்ட் சரக்கு வண்டி, 24 வோல்ட் ரேடியோ வண்டி. கேன்வாஸ் போட்ட 12 வோல்ட்டையே தேடுங்கள். 24 வோல்ட் மின்சாமான் ஒவ்வொன்றும் தனி வேட்டை. ஆம்புலன்ஸ் உடம்பு கட்டியவையும் வருகின்றன. உள்ளே படுக்கை போட்டு ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். எனக்கு அந்த உயரம் ஆகவில்லை, காற்றடிக்கிற மலைச்சாலையில் பாய்மரம் மாதிரி.

ஏறும் விதம் வேடிக்கையானது. முன் சக்கரத்தின் நடுவில் ஒரு கம்பி வளையம் இருக்கும். அதில் கால் வைத்து, அப்படியே உந்தித்தான் சீட்டுக்குப் போக வேண்டும். என் மகள் முதல் முறை பார்த்துவிட்டு, “அப்பா, இது மாட்டு வண்டியா?” என்றாள். ஒரு வகையில் ஆமாம்.

பின்ஸ்காவர் வேறு மண்ணில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் 1971 முதல் கட்டியது. பின்னணியில் இருந்தவர் எரிக் லெட்விங்கா. அவருடைய அப்பா ஹான்ஸ் லெட்விங்கா டாட்ரா கார்களால் பெயர் பெற்றவர். அப்பாவின் கை மகனிடம் தெரிகிறது. ஏணி மாதிரி சேஸிஸ் கிடையாது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு குழாய், ஓடும் தண்டுகள் எல்லாம் அதற்குள்ளே, சேறு படாமல். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஒரு கியர் பெட்டி இருப்பதால் வண்டியின் வயிறு தரையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கிறது. இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, உறைபனியில் தண்ணீர் கட்டியாகிவிடுமோ என்ற கவலை இல்லை.

இதைப் படிக்கும்போதே ஆசை வரும். எனக்கும் வந்தது. சுவிஸ் ராணுவத்திடமிருந்து வெளிவந்த ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். சுவிஸ்காரர்கள் வண்டியைப் பராமரிக்கிற விதத்தைப் பார்த்தால் நம் வீட்டுக் கேஸ் அடுப்பே வெட்கப்படும். முப்பது வருடச் சர்வீஸ் அட்டை, ஒவ்வொரு கையெழுத்தோடும். ஐந்து கியர், டிஃப் லாக்குகள் ஓடும்போதே ஒரு லீவர் இழுப்பில் விழுகின்றன. குண்டு குழியில் 101 நம்மைத் தூக்கிப் போடும் இடத்தில் இது மெத்தென்று போகிறது. பொறியாளனின் வண்டி என்றால் இதுதான்.

ஆனால் கூடவே உட்கார்ந்து வாழ வேண்டுமே. காற்றால் குளிரும் எஞ்சினுக்குத் தண்ணீர் உறை இல்லை, சத்தத்தை மென்று முழுங்க எதுவுமே இல்லை. அரை மணி நேரத்தில் நானும் ஓனரும் கையசைத்துப் பேசத் தொடங்கிவிட்டோம். வெந்நீர் ஓடாத எஞ்சினாதலால் கேபினைச் சூடாக்கச் சாதாரண ஹீட்டரும் வைக்க முடியாது. அப்புறம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இதில் இரட்டை. இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும், அதைச் சேர்க்கத் தெரிந்த கை இங்கே அரிது. சாமான் கிடைக்காது என்று சொல்ல முடியாது. ராணுவக் கிடங்குகளிலிருந்து வந்த புது சாமான் வைத்திருக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த தெருவில் கிடைக்கும் சாமான் என்று எதுவும் இல்லை, எல்லாம் பின்ஸ்காவர் சாமான், பின்ஸ்காவர் விலை. சுவிஸிலிருந்து வந்தவை இடது பக்க ஸ்டியரிங். ரவுண்டானாவில் வலது பக்கம் வருவது யார் என்று பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். நேரே வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், வந்த 14 நாளுக்குள் வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே பதிவு நடக்காது.

ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்காது, ஆனால் தூரப் பயணம் போக வேண்டும், பணம் ஒரு பொருட்டில்லை என்பவருக்கு என் பதில் பின்ஸ்காவர். ஆல்ப்ஸ் வரை போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

வால்வோ சி303-ஐப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன். அது மோசம் என்பதால் இல்லை. 1974 முதல் 1984 வரை கட்டியது, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர். வால்வோ 164 காரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். அடித்தாலும் சாகாது. ஸ்வீடன்காரன் கட்டியதாதலால் கேபின் முழுக்க இரும்பு, ஹீட்டர் அடுப்பு மாதிரி வேலை செய்யும். மூன்றில் வசதியான அறை இதுதான், மேடு ஏறுவதிலும் இதுதான் முதல் என்று நினைக்கிறேன். ஆனால் கனம். பின்ஸ்காவரின் நளினம் இல்லாத கனம். குடி 101-க்குச் சளைத்ததில்லை. முழுக்க இரும்பு என்பதன் மறுபக்கம் துரு. லேண்ட் ரோவரின் அலுமினியத் தோல் இதற்கு இல்லை. நான் தேடிய காலத்தில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தவற்றை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். நல்லது ஒன்று தானாக உங்கள் முன்னால் வந்து நின்றால் விடாதீர்கள். தேடிக்கொண்டு போவதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

101-க்கு முன்பே லேண்ட் ரோவர் 1960-களில் இன்னொரு மூக்கில்லாத வண்டி செய்தது, சீரீஸ் 2ஏ, 2பி என்று. சாதாரண லேண்ட் ரோவரின் சேஸிஸ் மேல் கேபினைத் தூக்கி வைத்த வண்டி. விலை குறைவாக வந்தால் சபலம் தட்டும். அவற்றில் பலவற்றில் வந்த நாலு சிலிண்டர் எஞ்சின் அந்த எடைக்குப் பாவம். பின்னால் வருகிற டிராக்டர் ஹாரன் அடிப்பதை நீங்கள் கேட்க நேரும்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன செய்வது? குனியுங்கள். மேலே பார்க்கும் நேரத்தைப் போல நாலு மடங்கு கீழே பார்க்க வேண்டும். நான் முதலில் போய்ப் பார்த்த 101, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு வியாபாரியின் யார்டில் நின்றது. பச்சைப் பெயின்ட் பளபளக்கிறது, புது கேன்வாஸ், டயருக்குக் கறுப்பு மெருகு. கீழே படுத்தேன். சேஸிஸ் முழுக்கப் புதுத் தார் மாதிரி ஒரு பூச்சு. அழகுதான். எடுத்துப் போயிருந்த சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் டிங், டிங். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சத்தம் மாறியது, ஈரப் பலகையைத் தட்டுவது போல. இன்னொரு தட்டு தட்டினேன், பூச்சோடு சேர்ந்து உள்ளங்கை அளவு துரு கையில் வந்து விழுந்தது. வியாபாரி ஒன்றும் பேசாமல் டீ வேண்டுமா என்றார். குடித்துவிட்டு வந்தேன், நல்ல டீ.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: புதுப் பெயின்ட் அடித்த வண்டிக்குச் சந்தேகம், தூசி படிந்த சேஸிஸுக்கு மரியாதை. இன்னொரு விதி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் போவேன் என்று முன்பே சொல்லிவிடுவது. போகும்போது பெட்டி ஏற்கனவே சூடாக இருந்தால், காலையில் அது கிளம்ப என்ன பாடுபட்டது என்பதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டுவது பற்றியும் கொஞ்சம். உங்களுக்கு முன்னால் வண்டி இல்லை, நீங்கள்தான் வண்டியின் முனை. முன் அச்சு உங்கள் காலடியிலோ அதற்கும் பின்னாலோ இருப்பதால், வளைவில் எப்போதும் திருப்பும் இடத்தில் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். மூக்கு வளைவைத் தாண்டிய பிறகு திருப்ப வேண்டும், பஸ் டிரைவர் திருப்புவது போல. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. மோதினால் முதலில் வாங்குவது உங்கள் முழங்கால். நசுங்கிக் கொடுக்க எதுவும் இல்லை, 101-இலும் பின்ஸ்காவரிலும் டிரம் பிரேக்தான். மனைவியும் குழந்தைகளும் தினமும் ஏறும் வண்டியாக இவற்றில் எதையும் நான் சொல்ல மாட்டேன். மோட்டார்வே பக்கம் நான் போவதே இல்லை.

சட்டம் இங்கே தாராளம். நாற்பது வயது தாண்டி, பெரிதாக உருமாற்றாத வண்டிக்குச் சாலை வரி கிடையாது, வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. நம் ஊர் மொழியில் சொன்னால், எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. தேவையில்லை. லண்டனின் மாசு மண்டலக் கட்டணத்திலிருந்தும் விலக்கு. இன்றைக்கு மூன்றுமே இந்த வயதைத் தாண்டியவை அல்லது வாசலில் நிற்பவை. இருந்தாலும் வருடம் ஒரு முறை நானாகவே சோதனைக்குக் கொண்டுபோவேன், முழங்கால் என்னுடையது. பெட்ரோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ உங்கள் மடியில். அங்கே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வண்டி வந்த அன்றே குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டு, எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோல் போடுங்கள். கிளாசிக் வண்டி இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், அடுக்குமாடி கார் பார்க்கிங் பலவற்றில் நுழையாது. மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காய் வாங்கும் வண்டி இல்லை.

எனக்கு கராஜ் கிடையாது, வாசலில் ஒரு கார் நிற்கும் இடம்தான். ஆல்ப்ஸ் போகும் நேரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரோடு உட்காரப் பிடிக்கும். கூட்டிக் கழித்தால் கணக்கு 101-இல் வந்து நின்றது. போன ஐப்பசியில், கேன்வாஸ் கிழிந்த, பச்சை வெளிறிப்போன, 12 வோல்ட் 101 ஒன்றைப் பார்க்க வேல்ஸ் எல்லைக்குப் போனேன். சேஸிஸில் வருடக்கணக்குத் தூசி. தட்டிய இடமெல்லாம் டிங். எஞ்சின்தான் ஒரு பக்கம் லேசாக இடித்தது. விற்பவர் விலையைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்து, சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி ஏழு மணி.

“மூடியத் தூக்கிக் காட்டுடா,” என்றார்.

காட்டினேன். போனைப் பெட்டிக்குள்ளே இறக்கச் சொன்னார். இடது பக்கம், வலது பக்கம், பின்னால். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஸ்பேனர் போக எடம் இருக்குதா?”

“இருக்கு சித்தப்பா. ஆனா டிரைவர் சீட்டக் கழட்டணும்.”

“எத்தன போல்ட்டு?”

எண்ணிச் சொன்னேன்.

“அவ்வளவுதானா? நம்ம வண்டிக்கு இதவிட ஜாஸ்தி. வெலயக் கொஞ்சம் கொறச்சுக் கேளு.”